மண் பாக்டீரியாவும் ஆன்டிபயாடிக்கும்: மாணவர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆன்டிபயாடிக் தயாரிக்கும் மண் பாக்டீரியாவான ஸ்ட்ரெப்டோமைசிஸைத் தேட எந்த மண் நல்லது?

எரு போட்ட வயல்மண்ணிலிருந்து தொடங்குங்கள். 1943-இல் ஆய்வாளர் ஆல்பர்ட் ஷாட்ஸுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரீசியஸ் இனம் அப்படிப்பட்ட மண்ணிலும் கிடைத்தது. மண்ணைச் சில நாள் நிழலில் காயவிடுங்கள். மற்ற பாக்டீரியாக்கள் பல மடிந்துவிடும். ஸ்ட்ரெப்டோமைசிஸின் ஸ்போர்கள் (விதை போன்ற செல்கள்) தாங்கும்.

மீடியத்தில் (பாக்டீரியா வளரும் ஊட்டக் கரைசலில்) குளுக்கோஸைக் கூட்டினேன். வளர்ச்சி அபாரம், ஆனால் ஆன்டிபயாடிக் குறைந்துவிட்டது. ஏன்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். வளர்ச்சி வேறு, உற்பத்தி வேறு. சாப்பாடு தாராளமாக இருக்கும்வரை பாக்டீரியா உடம்பைத்தான் பெருக்கும். ஏதாவது ஒரு சத்து தீரும் கட்டத்தில்தான் பொதுவாக ஆன்டிபயாடிக் பக்கம் திரும்பும். எளிதில் செரிக்கும் குளுக்கோஸ் நிறைய இருந்தால், ஆன்டிபயாடிக் தயாரிக்கும் மரபணுக்கள் பல சமயம் அடங்கியே கிடக்கும். அதனால் குளுக்கோஸைக் குறைத்து, மெதுவாகச் செரிக்கும் ஸ்டார்ச்சும் சோயா மாவும் போட்டுப் பாருங்கள். குளுக்கோஸ்தான் வேண்டுமென்றால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். பாஸ்பேட்டையும் மறக்காதீர்கள்: அது மிஞ்சினாலும் இதே கதைதான். பலரும் பஃபர் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் பொருள்) என்ற பெயரில் அதை அள்ளிப் போட்டுவிட்டு, சர்க்கரையையே குறை சொல்கிறார்கள்.

250 மி.லி. பிளாஸ்கில் 150 மி.லி. மீடியம் வைக்கலாமா?

வேண்டாம், 50 மி.லி. போதும். இவற்றுக்குக் காற்று நிறைய வேண்டும். இழை இழையாக வளரும் இந்தப் பாக்டீரியா உருண்டைகளாகத் திரண்டால் நடுவில் இருப்பவற்றுக்கு ஆக்ஸிஜன் எட்டாது. அப்போது சில கண்ணாடி மணிகளைப் போட்டுக் குலுக்குங்கள்.

ஸோன் (ஆன்டிபயாடிக்கைச் சுற்றிச் சோதனைப் பாக்டீரியா வளராத வட்டம்) 12 மி.மீ.-இலிருந்து 24 மி.மீ. ஆனது. உற்பத்தி இருமடங்கு என்று எழுதலாமா?

கூடாது. ஸோனின் அளவு செறிவின் லாகரிதத்தோடு சேர்ந்து ஏறுவது. விட்டம் இரட்டித்தால் செறிவு பல மடங்கு கூடியிருக்கலாம். தெரிந்த செறிவுகளை வைத்து ஸ்டாண்டர்ட் வரைபடம் போட்டபிறகு கணக்கிடுங்கள். அப்புறம், பாக்டீரியா சேர்க்காத மீடியத்தையும் அதே தட்டில் வையுங்கள். வெறும் மீடியமே ஸோன் காட்டினால் உங்கள் முடிவு செல்லாது.

நன்றாக உற்பத்தி செய்த கல்ச்சர், திரும்பத் திரும்ப மாற்றி வளர்த்தபின் படுத்துவிட்டது. மீடியத்தை மாற்றட்டுமா?

முதலில் தட்டைப் பாருங்கள். பொடி படர்ந்த காலனிகளுக்கு நடுவே வழுக்கையாகச் சில தெரிகிறதா? ஸ்ட்ரெப்டோமைசிஸின் குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் டி.என்.ஏ.) நேர்கோட்டு வடிவம். அதன் முனைகள் அடிக்கடி உதிரும், அப்படி உதிர்ந்த செல்களில் உற்பத்தியும் குறையலாம். முதல் ஸ்போர்களை 20% கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் சேமித்திருந்தால் அதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். சேமிக்கவில்லையென்றால், நன்றாகப் பொடி படர்ந்த காலனிகளைத் தனித்தனியே எடுத்துச் சோதியுங்கள்.