விலை ஏறும்போதா மானியத்தில் கை வைப்பது?

கேள்வி: கச்சா எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போகிறது. இந்த நேரத்தில் அரசுகள் எரிபொருள் மானியத்தை நிறுத்துவது சரியா?

பதில்: நிறுத்தத்தான் வேண்டும் என்கிற கட்சி நான். 'இந்த நேரத்தில்' என்று கேட்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

மானியம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். லிட்டருக்கு இவ்வளவு என்று கொடுத்தால், ஐம்பது லிட்டர் டேங்கை நிரப்புகிற கார்க்காரருக்கு ஐம்பது பங்கு. இரண்டு லிட்டர் போட்டுக்கொண்டு கிளம்பும் பைக்காரருக்கு இரண்டே பங்கு. பஸ்ஸுக்குக் காத்து நிற்பவருக்கு, டிக்கெட்டில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால் உண்டு. ஏழை வீட்டு விளக்குக்கென்று மலிவாக விட்ட மண்ணெண்ணெய், டீசலோடு கலந்து லாரி டேங்குக்குள் போன கதையும் இருக்கிறது.

அதற்காக ஒரே ராத்திரியில் எடுக்கலாமா? நைஜீரியா 2012 ஜனவரி 1 அன்று எடுத்துப் பார்த்தது. லிட்டர் 65 நைராவாக இருந்த பெட்ரோல் 140ஐத் தொட்டது. நாடு முழுக்க வேலைநிறுத்தம். இரண்டே வாரத்தில் 97க்கு இறக்கினார்கள். 2019 அக்டோபரில் மானியத்தை எடுக்க எக்வடார் போட்ட ஆணை பதினைந்து நாள்கூடத் தாங்கவில்லை.

ஈரான் 2010 டிசம்பரில் செய்தது வேறு மாதிரி. விலையை ஏற்றுவதற்கு முன்பே குடும்பங்களின் வங்கிக் கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டது. பணம் கணக்கில் இருக்கும், எடுக்க முடியாது! விலை ஏறிய பிறகுதான் எடுக்க விட்டார்கள். யாருக்குத் தோன்றிய யோசனையோ, மனுஷ மனசு தெரிந்தவர். பின்னாளில் பணவீக்கம் அந்தத் தொகையைத் தின்றுவிட்டது, அது தனிக் கதை.

என்னைக் கேட்டால், எண்ணெய் விலை விழும்போது எடுக்க வேண்டும். 2014 நடுவிலிருந்து கச்சா எண்ணெய் சரிந்தது. இந்தோனேசியா 2015 ஜனவரி 1 அன்று பெட்ரோல் மானியத்தை எடுத்தது. அன்று பெட்ரோல் 8,500 ரூபியாவிலிருந்து 7,600க்கு இறங்கியது. மானியம் போன நாளில் விலை குறைந்தால் யார் தெருவுக்கு வருவார்கள்?

கேள்வி: அந்த நேரத்தைக் கோட்டை விட்டவர்கள் இப்போது என்ன செய்ய?

பதில்: முதலில் பணம், அப்புறம் விலை. அதையும் பெட்ரோலிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக. பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஊற்றும் டீசல் அடுத்து. அதை ஏற்றினால் காய்கறி வரை ஏறும். சமையல் எரிவாயுவைக் கடைசிக்கு வைக்கலாம். வங்கிக் கணக்கே இல்லாத குடும்பங்கள் எவை என்ற பட்டியல் கைக்கு வரும்வரை அந்தப் பக்கமே போக வேண்டாம்.