ஃபிராங்க்ஃபர்ட் வரை கம்பெனி செலவு. வெனிஸுக்கு மட்டும் கடனா?

கேள்வி: என் கணவர் கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசர். ஒவ்வொரு ஜனவரியும் ஃபிராங்க்ஃபர்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போவார். வரும் ஜனவரியில் எங்களுக்குப் பத்தாவது கல்யாண நாள். நானும் கூடப் போய், கண்காட்சி முடிந்ததும் வெனிஸில் மூன்று இரவு தங்கிவிட்டு வர ஆசை. 14 சதவீத வட்டிக்கு 3 லட்சம் பர்சனல் லோன் தருகிறோம் என்று தினமும் போன் வருகிறது. கையில் 5 லட்சம் எஃப்டி உண்டு. லோன் வாங்கவா, எஃப்டியை உடைக்கவா? மாதம் எல்லாம் போக 25,000 மிஞ்சும். தீபாவளி போனஸ் 80,000 வரும்.
- வாசகி, கரூர்

பதில்: இரண்டும் வேண்டாம். ஜனவரிக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. மாதம் 22,000 ஆர்டி போட்டால் 1,32,000. போனஸையும் சேர்த்தால் 2,12,000. அந்த லோனை இரண்டு வருடத்தில் அடைப்பதாக வைத்தாலும் மாதம் சுமார் 14,400 கட்ட வேண்டும். வட்டி மட்டும் 45,000 தாண்டும். மூன்று இரவுக்கு வெனிஸில் நீங்கள் தரப்போகும் ஓட்டல் வாடகையே அவ்வளவு வராது. எஃப்டி உங்கள் வீட்டின் அவசரப் பணம், அது அங்கேயே கிடக்கட்டும்.

3 லட்சம் என்ற கணக்கை யார் போட்டுக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. யூரோவை 110 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் கூட்டிப் போடுவது என் வழக்கம். உங்கள் விமான டிக்கெட்டுக்கு 75,000. விசா கட்டணம் 90 யூரோ, அதோடு 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான காப்பீடு, அலைச்சல் எல்லாம் சேர்த்து 15,000. ஃபிராங்க்ஃபர்டிலிருந்து வெனிஸுக்கு இரண்டு பேருக்கும் 22,000. வெனிஸில் தங்க, சாப்பிட, சுற்ற 900 யூரோ, அதாவது 99,000. ஆக 2,11,000. கம்பெனியின் டிராவல் ஏஜென்டிடம் ஃபிராங்க்ஃபர்டில் இறங்கி வெனிஸிலிருந்து கிளம்பும் மல்டி சிட்டி டிக்கெட் கேட்டுப் பாருங்கள். திரும்ப ஃபிராங்க்ஃபர்டுக்கு வரும் செலவு மிச்சமாகும்.

ஜெர்மனிக்கும், வெனிஸ் இருக்கும் இத்தாலிக்கும் ஒரே விசாதான். அதில் ஒரு கொக்கி உண்டு. எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். கணவருடனே கிளம்பினால் ஜெர்மனி. கண்காட்சி சமயத்தில் ஃபிராங்க்ஃபர்ட் அறை வாடகை எகிறும், நான் கடைசி நாள் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்றால் உங்களுக்கு இத்தாலி. முதல் பயணம் என்றால் சேர்ந்தே போங்கள். அவருடைய அறைக்குக் கம்பெனி எப்படியும் பணம் கட்டுகிறது. இரண்டாவது ஆளுக்கு ஓட்டல் என்ன கேட்கிறது என்று மட்டும் விசாரியுங்கள்.

சீசன் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஜனவரி 6-ஆம் தேதிப் பண்டிகை முடிந்து, முகமூடித் திருவிழா தொடங்குவதற்கு முன் வரும் சில வாரங்கள்தான் வெனிஸில் வாடகை இறங்கும் காலம். ஒரு நாள் பயணிகளிடம் வாங்கும் நுழைவுக் கட்டணமும் இதுவரை ஏப்ரல் முதல் ஜூலை வரைதான் இருந்திருக்கிறது. குளிர் இருக்கும். கடல் நீர் தெருவில் ஏறுகிற பருவமும் அதுதான். ஆனால் 2020 முதல், கடல் பெரிதாக ஏறும்போது தடுப்பு மதகுகள் அதை நிறுத்திவிடுகின்றன. பூட்ஸ் வாங்கப் பணம் ஒதுக்காதீர்கள்.

வெனிஸுக்கு எதிரே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்ட்ரேயில் தங்கினால் மலிவு, ரயிலில் பத்து நிமிஷம் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். இருந்தாலும் நான் தீவுக்குள்ளேயே தங்கச் சொல்வேன். நானும் மனைவியும் ஒரு ஜனவரியில் போயிருந்தோம். இரவு எட்டு மணிக்கு மேல் சந்துகளில் எங்கள் காலடிச் சத்தமும் படித்துறையில் தண்ணீர் மோதுகிற சத்தமும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. கடைசி ரயிலுக்கு ஓடியிருந்தால் அது கிடைத்திருக்காது. இந்தச் செலவில் மட்டும் கை இறுக்க வேண்டாம்.

இறுக்க வேறு இடங்கள் இருக்கின்றன. ஊர் பஸ் மாதிரி ஓடும் வாப்பரெட்டோ படகில் ஒரு முறை ஏற 9.50 யூரோ. மூன்று நாள் பாஸ் 45. ஊருக்குள் நடந்தே சுற்றிவிடலாம். முரானோ, புரானோ தீவுகளுக்குப் போகும் அன்றைக்கு மட்டும் 25 யூரோ ஒரு நாள் பாஸ் போதும். கொண்டோலா என்ற துடுப்புப் படகுச் சவாரிக்கு அரசு விலை பகலில் அரை மணிக்கு 90 யூரோ, அது படகுக்குத்தான், தலைக்கு அல்ல. கல்யாண நாள் ஆயிற்றே, ஏறுங்கள். அதே மாதிரிப் படகில் பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்க, டிராகெட்டோவில் 2 யூரோதான். காபியைக் கவுன்ட்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேஜையில் உட்கார்ந்தால் வேறு விலை. சான் மார்கோ சதுக்கத்தில் வாத்தியம் வாசிக்கும் கடை என்றால் அதற்கும் தனியாகப் போடுவார்கள்.

அப்புறம் கார்டு. பல கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு மூன்றரை சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி. அதனால் முக்கால்வாசிப் பணத்தை யூரோ ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். எந்தக் கார்டானாலும் கடை மெஷின் 'ரூபாயிலா, யூரோவிலா' என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். இதைத் தொழிலாகச் சொல்லிக்கொண்டிருக்கிற நானே ஒரு சாப்பாட்டுக் கடையில், நம்ம ஊர்க் காசு திரையில் தெரிந்த சந்தோஷத்தில் ரூபாயை அழுத்திவிட்டேன். அவர்கள் வைத்த மாற்று விகிதத்தில் ஒரு பாஸ்தா தட்டின் விலை கூடப் போயிற்று. மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

ஆர்டியை இந்த மாதமே தொடங்குங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். போனஸ் வரட்டும் என்று காத்திருக்காமல், அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.