கால்வெஸ்டன் விரிகுடாவில் ஃபிளவுண்டர்: கேள்வியும் பதிலும்

ஹூஸ்டன் பக்கத்துத் தமிழ் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. டெக்சஸ் கரையில் அதிகம் கிடைக்கும் தெற்கத்திய ஃபிளவுண்டர் பற்றித்தான் பேசப் போகிறோம்; இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்க, தரையோடு படுத்துக் கிடக்கும் தட்டை மீன் இது. சட்ட அளவுகள் அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் டெக்சஸ் பூங்கா, வனவிலங்குத் துறையின் இணையதளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேட்டியிலிருந்து: அண்ணா, எந்த மாதம் போகலாம், எங்கே போகலாம்?

அக்டோபர். கோடை முழுக்க விரிகுடாவுக்குள் சிதறிக் கிடக்கும் மீன், தண்ணீர் குளிர்ந்ததும் முட்டையிடுவதற்காகக் கடலை நோக்கி நகரத் தொடங்கும். ஒரு நல்ல வாடைக்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள், நீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போங்கள். வடக்குக் காற்று ஆழமில்லாத விரிகுடாத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். சதுப்புப் புல்லுக்குள் ஒளிந்திருந்த குட்டி மடவையும் இறாலும் ஓடை வழியாக வந்துதான் ஆக வேண்டும். ஓடை வாயில் ஃபிளவுண்டர் மணலுக்குள் புதைந்து, கண்ணை மட்டும் வெளியே நீட்டிக் காத்திருக்கும். தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் போய் நின்று பயனில்லை.

படகு இல்லாதவர்களுக்கு பெலிகன் தீவில் உள்ள சீவுல்ஃப் பூங்காவும், விரிகுடாவுக்குள் நீண்டு செல்லும் கரையணையான டெக்சஸ் சிட்டி டைக்கும் போதும். தீவின் மேற்கு முனையில் உள்ள சான் லூயிஸ் பாஸ் என்ற கடல்வாயிலும் மீன் உண்டு. ஆனால் அங்கே தண்ணீரில் இறங்காதீர்கள். நீரோட்டம் பலமானது, மணல்திட்டு திடீரென்று பள்ளமாகிவிடும், பலர் உயிரை விட்ட இடம் அது.

பியர்லேண்டிலிருந்து: நவம்பரில்தான் கூட்டமாக வரும் என்கிறார்கள். அப்போது போய்த் தடை போட்டால் எப்படி?

கூட்டமாக வருவதால்தான் தடை. நவம்பர் 1 முதல் டிசம்பர் 14 வரை ஒரு மீன்கூட எடுக்கக் கூடாது. மற்ற நாட்களில் ஒருவருக்கு 5 மீன், ஒவ்வொன்றும் குறைந்தது 15 அங்குலம்.

அந்த 15 அங்குலத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆண் ஃபிளவுண்டர் பெரும்பாலும் 12 அங்குலத்தைத் தாண்டுவதில்லை. அப்படியென்றால் நாம் வீட்டுக்குக் கொண்டுவரும் மீன் கிட்டத்தட்ட எல்லாமே பெண். நவம்பரில் குறுகலான கடல்வாய்களில் வரிசையாக வருவது முட்டை சுமக்கும் தாய் மீன்கள். அந்த ஆறு வாரம் அவற்றை விட்டுவிடத்தான் இந்தத் தடை.

இன்னொரு கவலையும் இருக்கிறது. குஞ்சுப் பருவத்தில் தண்ணீரின் வெப்பநிலை சரியாக இல்லாவிட்டால், பெண்ணாக வளர வேண்டிய குஞ்சுகளில் பல ஆணாகிவிடும். தண்ணீர் சூடாகச் சூடாகப் பெண் மீன் குறையும். பல ஆண்டுகளாகவே இந்த மீன் குறைந்துகொண்டு வருகிறது. லேக் ஜாக்சனில் உள்ள சீ சென்டர் டெக்சஸ் பண்ணையில் குஞ்சு வளர்த்து விரிகுடாவில் விடுகிறார்கள், நல்ல வேலை. ஆனாலும் 20 அங்குலத்துக்கு மேல் ஒன்று மாட்டினால் படம் எடுத்துக்கொண்டு திருப்பி விடுங்கள் என்றுதான் சொல்வேன். சட்டம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

சைப்ரஸிலிருந்து: 'டொக்' என்று தட்டுகிறது. உடனே இழுத்தால், கடிபட்ட மடவை மட்டும் வருகிறது.

தட்டியதும் இழுப்பதுதான் சிக்கல். ஃபிளவுண்டர் உயிர் இரையை முதலில் குறுக்கே கவ்விப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடக்கும். பிறகுதான் திருப்பி விழுங்கும். தட்டு உணர்ந்ததும் தூண்டில் நரம்பைக் கொஞ்சம் தளர்த்துங்கள். நிதானமாகப் பத்து எண்ணுங்கள். மெதுவாக இறுக்கிப் பாருங்கள், கனம் தெரிந்தால் அப்போது ஓங்கி இழுங்கள். ரப்பர் இரை போட்டிருந்தால் அவ்வளவு காத்திருக்க வேண்டாம், ஓரிரு நொடி போதும்.

கரைக்கு வந்ததும் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடாதீர்கள். அந்த நேரத்தில்தான் உதறிக்கொண்டு போகும். கைவலையை நீருக்குள் முதலிலேயே இறக்கி வைத்து, மீனை அதன் மேல் இழுத்து வாருங்கள்.

சுகர்லேண்டிலிருந்து: என்ன சாமான் வாங்கணும்?

நடுத்தரமான ராடு, ஸ்பின்னிங் ரீல். துளையுள்ள ஈயக்குண்டு, அதற்குக் கீழே ஒன்றரை அடி நரம்பு, ஒரு தூண்டில் முள், விரல் நீளத்தில் உயிருள்ள மடவை. அவ்வளவுதான். இரையைத் தரையோடு தரையாக, நத்தை வேகத்தில் இழுக்க வேண்டும். ஈயம் சேற்றைத் தொடுவது கையில் தெரியவில்லை என்றால் நீங்கள் வேகமாக இழுக்கிறீர்கள். உயிர் இரை கிடைக்காவிட்டால் கால் அவுன்ஸ் ஜிக்கில் (ஈயத்தலை வைத்த முள்) வெள்ளை ரப்பர் வால்.

17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மீன்பிடி உரிமமும், கடலுக்கான கூடுதல் அனுமதியும் வேண்டும். முதல்முறை போகிறவர்கள் கால்வெஸ்டன் தீவு மாநிலப் பூங்காவின் விரிகுடாப் பக்கம் போகலாம். அங்கே கரையில் நின்று பிடிக்க உரிமம் தேவையில்லை. அளவும் எண்ணிக்கையும் அங்கேயும் பொருந்தும்.

அதே வீட்டுச் சின்னப் பெண்: மாமா, கண் ரெண்டும் ஏன் ஒரே பக்கம்?

பிறக்கும்போது எல்லா மீனையும் போல இரண்டு பக்கமும்தான் இருக்கும், கண்ணு. வளரும்போது வலது கண் தலைக்கு மேலாக நகர்ந்து இடப்பக்கம் வந்துவிடும். அப்புறம் அந்தப் பக்கத்தை மேலே வைத்துப் படுத்துக்கொள்ளும். அடியில் இருக்கும் பக்கம் வெளுப்பாகவே இருக்கும்.

லீக் சிட்டியிலிருந்து: இரவில் விளக்கு வைத்து ஈட்டியால் குத்தப் போகலாமா?

போகலாம், தடைக்காலம் தவிர. காற்றில்லாத, தண்ணீர் தெளிந்த இரவு வேண்டும். ஆனால் குத்திய பிறகு 14 அங்குலம் என்று தெரிந்தால் அந்த மீனைப் பிழைக்க வைக்க முடியாது. சந்தேகமாக இருந்தால் குத்தாதீர்கள். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், திருக்கை விலகிப் போகும். காலில் வெட்டுக்காயம் இருந்தால், அதுவும் சர்க்கரையோ கல்லீரல் பிரச்சினையோ உள்ளவர்கள், வெதுவெதுப்பான கடல்நீரில் இறங்கவே கூடாது. விப்ரியோ கிருமி காயம் வழியாக ஏறினால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. சிவந்து வீங்கினால் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

உட்லேண்ட்ஸிலிருந்து: குழம்பு வைக்கலாமா?

சதை மிருதுவாக இருக்கும், குழம்பில் உடைந்துவிடும். செதில் எடுத்து, தோலோடு முழு மீனாகக் குறுக்கே ஆழக் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், பூண்டு, எலுமிச்சை தடவி அரை மணி நேரம் ஊறவைத்து தோசைக்கல்லில் வறுத்தெடுங்கள். குழம்புதான் வேண்டுமென்றால் தலையையும் நடுமுள்ளையும் கொதிக்கவிட்டுப் புளி ஊற்றி, சதையைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள். கரண்டி போட்டுக் கிண்டாமல் சட்டியைப் பிடித்து அசைத்தால் போதும்.