செட் சுவர் மானிட்டரில் மட்டும் பளபளக்கிறது

சினிமா செட்டில் போட்ட சுவர் கேமரா மானிட்டரில் மட்டும் பளபளக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சுவர் முழுவதற்கும் மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டாம். 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, தண்ணீராகக் கரைத்த டிஸ்டெம்பரில் கொஞ்சம் மஞ்சள் காவி கலந்து ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். காய்ந்ததும் முல்தானி மிட்டியைத் துணியில் தொட்டுத் தட்டினால் மினுமினுப்பு அடங்கும்.

கதையில் கோபிசெட்டிபாளையம் பக்கத்துத் தோட்டத்து வீடு, செட்டில் ப்ளைவுட் சுவர், நேரில் பழைய சுண்ணாம்பு மாதிரியே இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அடியில் அடித்த எமல்ஷன் பெயிண்ட், பளபளப்பில்லாத மேட் வகையாக இருக்காது. சுண்ணாம்புச் சுவர் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், இது திருப்பி அடிக்கிறது.

சந்தேகம் இருந்தால், இருட்டியதும் செல்போன் டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, கேமரா நிற்கும் இடத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். வெள்ளைத் திட்டு விழுந்தால் பெயிண்டின் பளபளப்புதான். திட்டே இல்லாமல் சுவர் மொத்தமும் வெளுத்திருந்தால் வெள்ளை நிறமே அதிகம். அதை ஒளிப்பதிவாளரிடம் கேட்டுக்கொண்டு மங்க வையுங்கள்.

அப்புறம், அழுக்கைச் சுவர் முழுக்க ஒரே சீராகப் பூசாதீர்கள். நான் முதல் செட்டில் அப்படிப் பூசித் திட்டு வாங்கியவன். விளக்கு மாடத்துக்கு மேலே கரி, திண்ணையில் தலை சாய்க்கிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, வெளிச்சுவரின் அடியில் தாழ்வாரத் தண்ணீர் தெறித்த செம்மண். இந்த மூன்றும் போதும்.

அந்தச் சுவரில் ஏற்கெனவே ஒரு காட்சி எடுத்தாகிவிட்டதென்றால் மட்டும் உடனே கை வைக்காதீர்கள். கன்டினியூட்டி, அதாவது ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் எதுவும் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கிற உதவி இயக்குநரிடம் சொல்லி, படம் எடுத்து வைத்த பிறகே ஆரம்பியுங்கள். நிஜ வீட்டுச் சுவரில் இதைச் செய்யவே கூடாது, கறை போகாதுங்க.