வருகை தரும் குருக்களும் ஆங்கில அழைப்பிதழும்

அன்புள்ள ஐயா,

எங்கள் கத்தோலிக்க ஆலயப் பங்கின் தேர்த்திருவிழா அழைப்பிதழில் ஆங்கிலப் பகுதியை எழுதும் பொறுப்பு எனக்கு. ‘திருவிழா நாட்களில் குருக்களைச் சந்திப்பது கடினமாக இருக்கலாம்’ என்ற வரியை ‘விசிட்டிங் கிளர்ஜி மே பி டிஃபிகல்ட் ட்யூரிங் த ஃபீஸ்ட்’ என்று எழுதினேன். உடன் பணிபுரியும் ஆசிரியர் படித்துவிட்டுச் சிரித்தார், காரணம் சொல்லவில்லை. வெளியூர்க் குருக்களைக் குறிக்க ‘விசிட்டிங் கிளர்ஜீஸ்’ என்றும், ஒருவரே வந்தால் ‘எ விசிட்டிங் கிளர்ஜி’ என்றும் எழுதலாமா?

ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. நீங்கள் எழுதிய வரியை, ‘திருவிழாவுக்கு வரும் குருக்கள் தொல்லை தரக்கூடியவர்கள்’ என்றும் ஓர் ஆங்கில வாசகர் படிக்கலாம். தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. ‘குருக்களைச் சந்திப்பது’ என்பதில் உள்ள ஐ வேற்றுமை உருபு, சந்திக்கப்படுபவர் யார் என்பதைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அத்தகைய உருபு இல்லாததால், ‘விசிட்டிங்’ என்ற சொல் ‘வருகை தரும்’ என்று பெயரெச்சம்போலவும், ‘சென்று பார்ப்பது’ என்று தொழிற்பெயர்போலவும் நிற்கிறது.

பெரும்பாலும் வினைச்சொல்தான் இந்தச் சிக்கலை அவிழ்க்கிறது. ‘விசிட்டிங் கிளர்ஜி இஸ்’ என்று தொடங்கினால் குருக்களைப் போய்ப் பார்க்கும் செயல் என்றும், ‘விசிட்டிங் கிளர்ஜி ஆர்’ என்று தொடங்கினால் வந்திருக்கும் குருக்கள் என்றும் கொள்வது இயல்பு. ‘மே’, ‘கேன்’, ‘வில்’, ‘ஷுட்’ ஆகியவை ஒருமைக்கும் பன்மைக்கும் மாறாதவை. உங்களைச் சிக்கவைத்தது அந்த ‘மே’. ‘த’ என்ற சுட்டுச்சொல் நிற்கும் இடமும் உதவும்: ‘த விசிட்டிங் கிளர்ஜி’ என்றால் வந்தவர்கள், ‘விசிட்டிங் த கிளர்ஜி’ என்றால் அவர்களைப் பார்க்கப் போவது. ஆனாலும் உங்கள் வரிக்கு ‘இட் மே பி டிஃபிகல்ட் டு மீட் த ப்ரீஸ்ட்ஸ் ட்யூரிங் த ஃபீஸ்ட்’ என்பதே போதும். அழைப்பிதழில் ‘மீட்’ இருக்க ‘விசிட்’ எதற்கு?

‘கிளர்ஜி’ என்பது குருகுலத்தார், அதாவது திருச்சபையின் திருப்பணியாளர், அனைவரையும் சேர்த்துச் சொல்லும் தொகுதிப் பெயர். ஆகவே ‘எ விசிட்டிங் கிளர்ஜி’ பிழை. ஒருவர் வந்தால் ‘எ விசிட்டிங் ப்ரீஸ்ட்’ என்று எழுதுங்கள். பத்துப் பேர் வந்தாலும் ‘கிளர்ஜி’தான். வெவ்வேறு நாடுகளின் அல்லது சபைகளின் குருகுலங்களைத் தனித்தனியாகக் குறிக்கும்போது மட்டுமே ‘கிளர்ஜீஸ்’ வரும், அதுவும் அரிதாக. நமக்கு இந்த இடத்தில் தடுமாற்றம் வருவது வியப்பில்லை. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலில் ‘குருக்கள் வந்தார்’ என்றால் வந்தவர் ஒருவர். உங்கள் ஆலயத்தில் ‘குருக்கள் வந்தார்கள்’ என்றால் வந்தவர்கள் பலர். இரண்டுக்கும் பழகிய காது, ‘கிளர்ஜி’யையும் அப்படியே வளைத்துக்கொள்ளப் பார்க்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அழைப்பிதழில் மனத்தாங்கல் பிறப்பது பெரும்பாலும் இலக்கணத்தால் அல்ல. கத்தோலிக்கத் திருச்சபையின் வழக்கில் ‘கிளர்ஜி’ என்பது ஆயர், குரு, குருவுக்கு அடுத்த நிலையிலுள்ள திருத்தொண்டர் என்று திருநிலைப்பாடு (திருப்பணிக்கான அருட்பொழிவு) பெற்றவர்களை மட்டுமே குறிக்கும். கன்னியர் மடத்து அருட்சகோதரிகள் அதில் அடங்க மாட்டார்கள். புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துத் திருவிழாக்களுக்கு அவர்கள் வராமல் இருப்பதில்லையே! ‘விசிட்டிங் கிளர்ஜி ஆர் இன்வைட்டட் டு லஞ்ச்’ என்று மட்டும் அச்சிட்டால், சொல்லின்படி பார்த்தால், பாடற்குழுவை நடத்திய சகோதரிக்குச் சாப்பாடு இல்லை. ‘கிளர்ஜி அண்ட் ரிலிஜியஸ்’ என்பது அங்கே வழங்கும் தொடர்; அதில் ‘ரிலிஜியஸ்’ துறவியரைக் குறிக்கும் பெயர்ச்சொல், அதற்கும் பன்மை விகுதி வேண்டாம். திருவுடை அணிந்து கூட்டுத் திருப்பலி (குருக்கள் பலர் சேர்ந்து நிறைவேற்றும் திருப்பலி) நிறைவேற்ற வருவோருக்கான குறிப்பில் மட்டும் ‘விசிட்டிங் ப்ரீஸ்ட்ஸ்’ என்று எழுதுங்கள், ஏனெனில் திருத்தொண்டர் கூட்டுத் திருப்பலி நிறைவேற்றுபவர் அல்லர்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் மெய்ப்பைப் பங்குத்தந்தையிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பெயர்களுக்கு முன்னால் வரும் ‘ரெவரெண்ட்’, ‘மோஸ்ட் ரெவரெண்ட்’ வரிசையை அவரே சரிபார்ப்பது நல்லது.