வெப்சைட் மூடிட்டா அதுல வந்த எழுத்து எங்க போகும்?

கேள்வி: ஒரு இணைய இதழ்ல பல வருஷத்துக்கு முன்னாடி என் கதைங்க வந்துச்சு, இப்போ அந்த சைட்டே ஓப்பன் ஆகல. அச்சு புத்தகம் மாதிரி இதையெல்லாம் எந்த நூலகமாவது எடுத்து வைக்குதா? எப்படி வைக்கிறாங்க?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வைக்கிறாங்கம்மா, ஆனா எல்லா நாட்டுலயும் இல்ல. இதுல முன்னோடின்னா ஆஸ்திரேலிய தேசிய நூலகம்தான், கூகுள் வர்றதுக்கு முன்னாடியே, 1996ல, பண்டோரான்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சுட்டாங்க. எந்த சைட் முக்கியம்னு நூலகர்களே பார்த்து எடுத்து, நடத்துறவங்ககிட்ட அனுமதி கேட்டு, காப்பி எடுத்து, படம் எதுவும் விட்டுப்போச்சா லிங்க் வேலை செய்யுதான்னு செக் பண்ணி வச்சாங்க, பொறுமையான வேலை அது. 2016ல சட்டமே மாறுச்சு, அச்சு புத்தகத்துல ஒரு பிரதி தேசிய நூலகத்துக்குக் கொடுக்கணும்ங்கிற விதி ஆன்லைன்ல வர்றதுக்கும் உண்டுன்னு ஆயிடுச்சு. 2019ல சேர்த்து வச்சதையெல்லாம் ட்ரோவ்ங்கிற அவங்க தளத்துல திறந்து விட்டாங்க, நீங்க வீட்டுல இருந்தே தேடலாம்.

எடுக்குற விதம் இதுதான். கிராலர்னு ஒரு சாஃப்ட்வேர் ஒரு பக்கத்துக்குப் போய் அதுல இருக்குற எழுத்து, படம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, அங்க இருக்குற லிங்க்கைப் பிடிச்சு அடுத்த பக்கம், அதுக்கடுத்த பக்கம்னு போயிட்டே இருக்கும், எடுத்ததை எந்த முகவரி எந்த தேதின்னு குறிச்சு வார்க்ங்கிற ஃபைல்ல போட்டு வைக்கும். லாகின் கேக்குற பக்கம், வீடியோ இதெல்லாம் நிறைய தப்பிப்போயிடும்.

ஆனா எடுத்து வச்சா மட்டும் போதாதுங்க, பின்னாடி படிக்க முடியணும். எல்லா கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி தெரியுற யூனிகோடு எழுத்து முறை பரவுறதுக்கு முன்னாடி, திஸ்கி, பாமினின்னு பழைய முறைகள்ல எழுதின தமிழ்ப் பக்கங்களை இப்போ திறந்தா வெறும் குறியா கொட்டும், ஃபைல் பத்திரமாத்தான் இருக்கு, படிக்கத்தான் முடியல! அதனால அது எந்த குறியாக்கம் (எழுத்தை கம்ப்யூட்டர்ல பதியுற முறை), எதுல திறக்கணும்ங்கிற விவரத்தையும் சேர்த்தே காப்பாத்தணும். அப்புறம் ஒரே இடத்துல வைக்கக் கூடாது. 2023 அக்டோபர்ல பிரிட்டிஷ் நூலகத்துல சைபர் தாக்குதல் நடந்தப்போ அவங்க வெப் ஆர்க்கைவே ரொம்ப நாள் யாருக்கும் கிடைக்காம போச்சு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்துல 1999ல ஆரம்பிச்ச லாக்ஸ் திட்டம் இதுக்குத்தான், ஒரே மின்னிதழைப் பல நூலகங்கள் தனித்தனியா வச்சுக்கிட்டு, ஒண்ணோட காப்பியை இன்னொண்ணோட ஒப்பிட்டு, கெட்டுப்போனதை நல்ல காப்பியை வச்சு சரி பண்ணிக்கும்.

நம்ம நாட்டுல 1954ல வந்த சட்டப்படி கன்னிமாரா உட்பட நாலு நூலகத்துக்குப் பிரதி அனுப்பணும், ஆனா அது அச்சுல வர்றதுக்கு மட்டும்தான். தமிழ்ல இவ்வளவு பேர் நெட்லயே எழுதிட்டு இருக்கும்போது இது பெரிய குறை, உடனே மாத்தியே ஆகணும்.

உங்க கதைக்கு இப்போ செய்யக் கூடியது, அந்த இதழோட பழைய முகவரி எங்கயாவது குறிச்சு வச்சிருந்தா பழைய வெப்சைட் பக்கங்களைச் சேமிச்சு வச்சிருக்குற இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்ல போட்டுத் தேடிப் பாருங்க, முகப்பு மட்டும் கிடைச்சாலும் அங்கிருந்து தேதி தேதியா உள்ள போய்ப் பாருங்க. கதை கிடைச்சா அன்னிக்கே யூனிகோடுல மாத்தி ரெண்டு மூணு இடத்துல சேவ் பண்ணிடுங்க.