அமெரிக்க எம்.எஸ். கடனை நிறுத்துங்கள், மகளின் கேள்வியைக் கவனியுங்கள்

அம்மா, உங்கள் பதற்றம் புரிகிறது. மகள் மெக்கானிக்கல் கடைசி ஆண்டு. இதுவரை வேலை அமையவில்லை. அதற்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து, அமெரிக்காவில் கம்ப்யூட்டர் எம்.எஸ். படிக்க அனுப்பச் சொல்கிறார் உங்கள் அண்ணன். கூடவே கூடாது. கோடிங் பிடிக்கவில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். பிடிக்காத படிப்புக்காக இருக்கிற ஒரே வீட்டைப் பணயம் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பழைய பம்பின் வார்ப்பிரும்பு இம்பெல்லரை, அதாவது தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரத்தை, அவள் புராஜெக்டில் கார்பன் ஃபைபரில் செய்திருக்கிறாள். பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக்கான காப்புரிமை, வாங்கினால் கோடிகள் வரும் என்கிறார்கள் உறவினர்கள். அவளோ, “பொருளை மட்டும் மாற்றினால் கண்டுபிடிப்பு ஆகுமா?” என்று என்னிடம் கேட்டாள். இப்படிக் கேட்கிற பிள்ளைகளுக்கென்றே ஒரு தொழில் இருக்கிறது: காப்புரிமை முகவர், அதாவது பேட்டன்ட் ஏஜென்ட்.

அவள் கேட்டது நீதிமன்றங்கள் பலமுறை அலசிய விஷயம். மரத்திலும் உலோகத்திலும் இருந்த கதவுக் குமிழைக் களிமண்ணில் செய்ததற்குக் காப்புரிமை கிடையாது என்று 1851-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல பொருளைத் தேர்ந்தெடுப்பது கைதேர்ந்த தொழிலாளியின் திறமை, கண்டுபிடிப்பு அல்ல என்பது அதன் வாதம். அதே நீதிமன்றம் 1966-இல், மக்னீசியமும் குப்ரஸ் குளோரைடு என்ற செம்புச் சேர்மமும் சேர்த்து ஆடம்ஸ் என்பவர் செய்த பேட்டரியின் காப்புரிமை செல்லும் என்றது. இரண்டும் தெரிந்த பொருள்கள்தான். சேர்ந்து தந்த பலனைத்தான் நிபுணர்களே முதலில் நம்பவில்லை. நம் உச்ச நீதிமன்றமும் 1978-இல், பாத்திரம் கடையும் கருவி பற்றிய வழக்கில், பட்டறையில் வழக்கமாகச் செய்கிற வெறும் மேம்பாடு போதாது என்றது.

ஆக, கார்பன் ஃபைபரால் எடை குறைந்தது என்றால் அது யாரும் எதிர்பார்ப்பதுதான். அதைப் பம்பின் சுழல் தண்டில் பொருத்த வழியில்லாமல் திணறி, புதிய பிடிப்பு அமைப்பு ஒன்றை அவள் யோசித்திருந்தால் பேச இடமுண்டு. முகவர் செய்வது இதைத்தான். பழைய ஆவணங்களைத் துருவுவார், வித்தியாசம் எங்கே என்று பார்த்து, எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் உரிமைக்கோரிக்கை எழுதுவார். ‘இதில் புதிதாக யோசிக்க எதுவுமில்லை’ என்று காப்புரிமை அலுவலகம் ஆட்சேபித்தால், சோதனை அளவீடுகளை வைத்துப் பதில் சொல்வார்.

சட்டப் படிப்பு தேவையில்லை. இந்தியக் குடியுரிமை, 21 வயது, அறிவியல் அல்லது பொறியியல் பட்டம், அப்புறம் காப்புரிமை அலுவலகம் நடத்தும் தேர்வு: இரண்டு எழுத்துத் தாள்கள், ஒரு நேர்முகம். தேர்வு எல்லா ஆண்டுகளிலும் நடந்ததில்லை. அடுத்த தேர்வு வரும்வரை ஏதாவது காப்புரிமை நிறுவனத்தில் ஆவணத் தேடல் வேலையில் சேரட்டும். தொடக்கச் சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

அவள் இம்பெல்லரில் புதிய பிடிப்பு இருந்தால், விண்ணப்பிக்கும் முன் எந்தக் கண்காட்சியிலும் வைக்க வேண்டாம். தனிநபருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். அதற்கு வீட்டுப் பத்திரம் தேவையில்லை என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.